தேறிய உடம்பு

டாக்டரம்மா நீட்டிய கருவியை மெத்வல்லி வலது கையில் வாங்கினார். எனக்குப் போய் இந்த விளையாட்டுச் சாமானா என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அமுக்கினார். சைக்கிள் பிரேக் பிடியைப் போல இருந்தது அது. மேலே ஒரு வட்டத் தட்டு, அதில் பிடியின் பலம் காட்டும் ஒரு முள். முள் எழுந்து கொஞ்ச தூரம் போய், இவ்வளவுதான் என்று நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி இன்சாஃபுக்கு அந்த முள்ளின் மேல்தான் கோபம் வந்தது. தம்யாத் ஊரின் மரச்சாமான் தெருக்களில் போய் மெத்வல்லி யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கிரேன் யார் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். கல்யாணச் சீராக வரும், கண்ணாடி வைத்த மூன்று கதவு அலமாரியை முதுகில் கட்டிக்கொண்டு, நடுவில் எங்கும் இறக்காமல் ஐந்தாம் மாடி ஏறின ஆள். கல்யாண வீட்டுப் பெண்கள் மேலே ஜன்னலில் நின்று குலவையிடுவது மணப்பெண்ணுக்கா இவருக்கா என்று அந்தக் காலத்தில் இன்சாஃபுக்கு உள்ளூர ஒரு பொறாமைகூட இருந்தது.

"மிஷின் பழுது போலிருக்கு டாக்டரம்மா," என்றாள்.

டாக்டர் நிஹால் மறுத்துப் பேசவில்லை. "அப்படியா, நீங்க அமுக்குங்க பார்ப்போம்" என்று கருவியை இவள் கையில் கொடுத்தாள். இன்சாஃப் அமுக்கினாள். முள் கணவர் நின்ற இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. "இனிமே நீதாம்மா கிரேன்" என்று சிரித்தாள் மகள் ரபாப். மெத்வல்லியும் கூடச் சிரித்தார். டாக்டர் சிரிக்காததைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர்கள் வந்தது அறுவைசிகிச்சைக்குத் தேதி கேட்க. மெத்வல்லியின் ஈரல் சுருங்கித் தழும்பேறிப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு ரபாபின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைப்பதாகப் பேச்சு. அதுவும் சுலபத்தில் முடிந்த பேச்சு இல்லை. சோபாவுக்குத் துணி தைக்கும் கடையில் நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் ரபாப் பார்வைக்கு ஒல்லிதான். ஆனால் அவள் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இதை எடுத்து வைக்க முடியாது, கரைத்துவிட்டு வா என்று முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண் வைராக்கியக்காரி. தினமும் விடிந்ததும் நைல் கரையோரம் மூச்சிரைக்க நடந்தாள். ரொட்டியைக் குறைத்தாள், இனிப்பை நிறுத்தினாள். போன மாதம் பரிசோதித்துவிட்டு, ஈரல் சுத்தமாகிவிட்டது, தரலாம் என்றார்கள். அன்றைக்கு இன்சாஃப் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தாள். இன்றைக்கும் ஒரு பெட்டி மிஷப்பக் வாங்கி வந்திருந்தாள். நம் ஜிலேபிக்கு அண்ணன் என்று சொல்லலாம், தம்யாத்தின் பெருமை அது. டாக்டர் அதைத் தொடாமல் மேசை ஓரத்தில் வைத்திருந்தாள்.

"ஹாஜியார், கையை மார்ல கட்டிக்குங்க. எதையும் பிடிக்காம நாற்காலியிலேர்ந்து எழுந்திரிங்க." மெத்வல்லி மக்காவுக்கெல்லாம் போனதில்லை, அந்த நாட்டில் தலை நரைத்த எல்லாருமே ஹாஜியார்தான். அவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். எழவில்லை. இன்னொரு தரம் சாய்ந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, செருப்பு தரையில் வழுக்கியது, நாற்காலி ஒருமுறை முனகியது, ஆள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தார். பிறகு, தன்னை அறியாமல், கட்டின கைகளை அவிழ்த்து இன்சாஃபின் கழுத்தை நோக்கி நீட்டினார்.

அந்தக் கைகளை இன்சாஃபுக்குத் தெரியும். கொஞ்ச காலமாகவே காலையில் கண் விழித்ததும் அவர் அப்படித்தான் இரண்டு கையையும் நீட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அவளும் சிரித்துக்கொண்டே அவர் முதுகில் கை கொடுத்து, கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவாள். இளமையில் ஒரு நாள்கூட ஆசையாகக் கட்டிக்கொள்ளாத மனுஷன் நோய் வந்த பிறகாவது மனம் இளகினாரே என்று பூரித்துப் போயிருந்தாள். தங்கையிடம்கூட வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருந்தாள். அது ஆசை இல்லை. அவரால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"இல்லம்மா, நீங்க பிடிக்கக் கூடாது" என்றாள் டாக்டர்.

பிறகு ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினாள். இடுப்புக்கு மேலே ஆளைக் குறுக்கே அறுத்து வைத்த மாதிரி ஒரு படம். இன்சாஃப் சமையல்காரி வீட்டுப் பெண், இறைச்சியைப் பார்த்தால் தெரியும். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கொழுத்த சதை இருக்க வேண்டிய இடத்தில் மெலிந்த துண்டுகள் கிடந்தன, அவற்றுக்குள்ளும் கொழுப்பு கோடுகோடாக ஓடியிருந்தது. சுற்றிலும் கொழுப்பு, வயிற்றில் நீர். கசாப்புக் கடையில் இப்படி ஒரு துண்டைப் போட்டிருந்தால் அவன் முகத்திலேயே திருப்பி எறிந்திருப்பாள்.

"உடம்பு தேறிட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்களே டாக்டரம்மா. எடைகூட ஏறிச்சே."

"ஏறினது கொழுப்பும் நீரும். சதை கரைஞ்சுபோச்சு. ஈரல் கெட்டவங்களுக்கு சதைதாம்மா இன்னொரு கை. ஈரலால கழிக்க முடியாத விஷத்துல கொஞ்சத்தை சதை கழிக்கும். அதுவும் போனா விஷம் தலைக்கு ஏறும். இடையில பேச்சு தடுமாறினாரா?"

நோன்புப் பெருநாளன்று ரபாபைப் பார்த்து, இந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்று அவர் கேட்டதும், கேலி செய்கிறார் என்று வீடே சிரித்ததும் இன்சாஃபின் நினைவுக்கு வந்தன.

"வீட்ல என்ன சாப்பிடறாரு?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. எல்லாம் சரியாகச் செய்தவளின் பெருமையோடு சொல்லத் தொடங்கியவள், பாதியிலேயே தன் குரல் தனக்கே கேட்காமல் போவதை உணர்ந்தாள். தேன், அல்வா, கரும்புச் சாறு, மிஷப்பக். ஈரல் நோய்க்கு இனிப்புதான் பலம் என்று ஊரே சொன்னது. இறைச்சி, முட்டை, பருப்பு எதையும் கண்ணில் காட்டவில்லை, ஈரலுக்குப் பாரம் என்று. தண்ணீர்க் குவளையைக்கூட அவர் கையால் எடுக்க விடவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரார் வீட்டு அலமாரியைச் சுமந்த மனுஷன், இனி ஒரு துரும்பையும் தூக்கக் கூடாது என்று பால்கனியில் மெத்தை போட்டு உட்கார வைத்தாள். மகள் கொழுப்பைக் கரைக்க வெளியே நடந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குள் அப்பாவுக்குக் கொழுப்பை ஊட்டிக்கொண்டிருந்தது இந்தக் கைதான்.

"ரபாபோட ஈரலை இப்ப வெச்சா, ஈரல் பிழைச்சுக்கும். இவரு பிழைக்கமாட்டாரு. கட்டிலை விட்டே எழுந்திரிக்க மாட்டாரு," என்றாள் டாக்டர். "இனிப்பை நிறுத்துங்க. முட்டை, கோழி, மீன், அவரைப் பருப்பு எல்லாம் கொடுங்க. வயித்து நீருக்கு உப்பைக் குறைங்க. படுக்கப் போற முன்னாடியும் எதாவது சாப்பிடணும், பட்டினி கிடந்தா உடம்பு தன் சதையையே தின்னும். முக்கியமா அவரு எழுந்து உட்காரணும், நடக்கணும், தன் வேலையைத் தானே செய்யணும். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

"அதுவரைக்கும் ஈரல் தாங்குமா?" ரபாப்தான் கேட்டாள்.

"தாங்கணும்."

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு ரபாப் வண்டி பிடிக்கப் போனாள். இன்சாஃப் அவர் பக்கத்தில் உட்காராமல் எதிரே நின்றாள்.

"உனக்குத் தெரியுமா? எழுந்திரிக்க முடியலைன்னு?"

"தெரியாமலா."

"ஏன் சொல்லல?"

மெத்வல்லி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "கிரேனுக்கு எழுந்திரிக்க முடியலைன்னு யாருகிட்ட போய்ச் சொல்றது," என்றார். பிறகு, "உனக்கும் அது பிடிச்சிருந்துச்சு. உன் முகத்தைப் பார்த்தா சொல்ல வரல."

அவளுக்கு அந்த இடத்திலேயே அவரை அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அடுத்த நொடியே அழுகை வந்தது. அழவில்லை.

ரபாப் ஓடி வந்தாள். "வண்டி வந்தாச்சு, ஆரன் அடிச்சே காதைக் கிழிக்கிறான்," என்று சொல்லிக்கொண்டே குனிந்து அப்பாவின் அக்குளில் கை கொடுக்கப் போனாள். இன்சாஃப் மகளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரா எழுந்திரிக்கட்டும்."

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்தார்கள்தான். பெஞ்சின் மறுகோடியில் இருந்த ஒரு பெண், "என்னம்மா நீ, சீக்காளி மனுஷன். ஒரு கை குடுத்தா உன் வளையல் தேஞ்சுடுமா?" என்றாள். மெத்வல்லி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். முகம் கன்றிச் சிவந்திருந்தது. கெஞ்சுகிறாரா திட்டுகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கீழே வண்டிக்காரன் இன்னொரு தரம் ஆரன் அடித்தான்.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தன் முழங்கால்களில் ஊன்றினார். அங்கியின் அடியில் தொடைகள் நடுங்கின. தோள் குலுங்கியது, பற்களுக்கிடையிலிருந்து ஒரு மூச்சு சீறிக்கொண்டு வந்தது. பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு விரல்கடை வெளிச்சம் தெரிந்தது. இன்சாஃப் மகளின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.