ஒன்றரைப் பொட்டு மீன்

கல்பனா இரண்டு வருடமாகத் தேடிய மீனை நான் குழம்பு வைத்துவிட்டேன். நானே சொல்லிவிடுகிறேன். பாகூரில் வேறு யார் வாயில் கேட்டாலும் மசாலா கூடுதலாகத்தான் இருக்கும்.

கல்பனா என் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஆராய்ச்சிப் பெண். எங்கள் ஊர்க் கெண்டையில் இரண்டு கிளை உண்டாம். ஆற்றுக் கெண்டைக்கு வாலருகே ஒரு பொட்டு, ஏரிக் கெண்டைக்கு இரண்டு. ஆற்று வாய்க்கால் ஏரியில் விழும் இடத்தில் இரண்டும் கலந்து குஞ்சு பொரித்திருக்கும் என்பது அவள் கட்சி. மாதக் கடைசிக்குள் அப்படி ஒன்றைக் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்று என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நான்கு நாள் மிச்சமிருக்கும்போது மாட்டியது. ஒரு பொட்டு முழுசு, அடுத்தது பாதி. கெடாமல் ஊறப்போட ஸ்பிரிட் இல்லை. வேறு ஆறு மீன்களோடு கவரில் கட்டி என் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, ஸ்பிரிட் வாங்கப் பாண்டிக்கு பஸ் ஏறினாள். அதைத் தொடவேண்டாம் என்று சொல்ல எனக்குப் போன் செய்திருக்கிறாள். நான் களை எடுக்கப் போயிருந்தேன், போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

மதியம் வந்தால் வாசலில் சம்பந்தி! வீராம்பட்டினத்து சின்னபொண்ணு. அவள் மகனும் என் மகள் ரோஸ்லினும் காதலித்துக் கட்டிக்கொண்டதிலிருந்து, சர்ச்சுக்குப் போகிற வீட்டில் தனக்கென்ன வேலை என்று ஒரு வருடமாக முகம் காட்டாதவள்.

"கடல் மீனு தின்னு நாக்கு செத்துப்போச்சு சம்மந்தி. ஏரி மீனு எதுனா கீதா?"

முதல் தடவை வந்தவளுக்குச் சாம்பாரா ஊற்றுவது? ஃபிரிட்ஜைத் திறந்தேன். அளந்து முடித்த மீனைக் கல்பனா எப்போதும் எனக்காக அங்கேதான் வைப்பாள். இதுவும் அதுதான் என்று எடுத்துவிட்டேன்.

"நீ குந்து. மீனக் கண்டா என் கை சும்மா இருக்காது" என்று சின்னபொண்ணு அரிவாள்மனையை இழுத்துப் போட்டாள். செட்டை, வால் எல்லாம் பறந்து கிணற்றடியில் விழுந்தன.

அவள் மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டபோது கல்பனா வந்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ரெண்டு வருஷம்க்கா, அந்த ஒன்றரைப் பொட்டு மீனுக்கு!"

என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"ஒன்றரைப் பொட்டு மீனா?" சின்னபொண்ணு முள்ளைச் சப்பியபடி கேட்டாள். "இன்னாடா புது தினுசா கீதேன்னு பார்த்தேன். பொட்டோட சேத்து வால நறுக்கிப் போட்டுட்டேன்."

கல்பனா துள்ளி எழுந்தாள். "வால் போதும்! ஒரு துண்டு போதும்க்கா, அப்பன் ஆத்தா யாருன்னு சொல்லிடலாம்!"

ஓடினோம். கிணற்றடியில் ஆறு வால் கிடந்தது. ஏழாவது என் செவலைக் கோழியின் வாயில்! கொட்டகையைச் சுற்றி ஓடியது, வைக்கோல் போரில் ஏறியது, கல்பனாவின் கால் நடுவே புகுந்தது. கையெல்லாம் குழம்போடு சின்னபொண்ணு கொடியில் காய்ந்த பெட்ஷீட்டை உருவி, வலை வீசுவதுபோல் ஒரே வீச்சு. கோழி உள்ளே. வாயைப் பிளந்து எடுத்தோம். கொஞ்சம் கிழிந்திருந்தாலும் ஒன்றரைப் பொட்டும் இருந்தது!

மூன்று பேரும் சேற்றில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்தோம். சின்னபொண்ணு திடீரென்று தலையில் கை வைத்தாள்.

"வந்த விசயத்தையே மறந்துட்டேன் பாரு. ரோஸ்லினுக்கு மூணு மாசம்!"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் புடவையெல்லாம் மீன் குழம்பு. அவளும் விடவில்லை.

அந்தக் கிழிந்த வாலைக் காட்டித்தான் கல்பனா பேராசிரியரிடம் அவகாசம் வாங்கினாள். ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. பாதி ஆறு, பாதி ஏரி. அவள் மாடிப்படியில் கத்திக்கொண்டே இறங்க, நான் உடனே சம்பந்திக்குப் போன் போட்டேன்.

"ரெண்டும் கலந்ததுதானாம் சம்மந்தி!"

"கலந்தா கெட்டா பூடுது?" என்றாள் சின்னபொண்ணு. "தின்னவ நானு, என்னக் கேளு."