முப்பது நாள் நோட்டீஸ்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த காலனியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஒன்று, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. சர்ச் பதிவேட்டில் சாராள் என்று இருந்தவள், பள்ளிக்கூடப் பதிவேட்டில் செல்வி, இந்து, ஆதிதிராவிடர். வீட்டில் சிலுவை மாட்டியிருந்தால் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, வேலையில் இடமும் கிடையாது என்று சர்க்கார் சொல்லியிருந்தது. ஊர்க் கிணற்றுக்குப் போனபோது மட்டும் ஞானஸ்நானம் எடுத்தவளா என்று ஒருத்தனும் கேட்கவில்லை. செல்வியையும் சாராளையும் ஒரே வார்த்தை சொல்லித்தான் விரட்டினார்கள்.

அந்தப் பள்ளிக்கூடப் பெயரில்தான் அவள் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தாள், பி.எட். முடித்தாள், பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சரானாள். அவள் அப்பா கழனிக் கூலி, கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். தங்கை ரத்னா அதே மாதிரி ஒரு சர்டிபிகேட்டில் திருவள்ளூர் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஒன்றுதான் செல்விக்குச் சர்ச் பெயரில் நடந்தது. எழுபத்திரண்டாம் வருஷம் மே மாதம், பாக்கியராஜுக்கும் சாராளுக்கும். பாக்கியராஜ் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர், பக்கத்தில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை.

எழுபத்தி நாலில் அவளுக்கு ஜாம்பியாவிலிருந்து கடிதம் வந்தது. மெட்ராசில் இன்டர்வியூ வைத்து ஆள் எடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த ஹாலில் புடவை கட்டியவர்கள் ஆறு பேர். அவளுக்கு வேலை கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு, கணவன் இருந்தால் அவனுக்கும் விமான டிக்கெட். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்குச் சர்டிபிகேட் வேண்டும். ஒப்பந்தக் காகிதங்களைத் திருப்பி அனுப்ப மூன்று மாத அவகாசம்.

சர்ச் சர்டிபிகேட்டை அனுப்பினால் போதாதா என்று மாமியார் ஞானம்மா கேட்டாள். போதாது. அதில் சாராள், கிறிஸ்தவச்சி. டிகிரியில் செல்வி, இந்து. இரண்டும் ஒருத்திதான் என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் முதலில் போய் நிற்பது கல்வி இலாகாவில். செல்வியின் வேலை போகும். அடுத்த வாரமே ரத்னா ஹாஸ்டலை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

மண்ணடியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் பரசுராமனிடம் இருவரும் போனார்கள். அவர் வாயில் வெற்றிலையோடு எல்லா வழியையும் சொன்னார். குவைத் என்றால் ஃபிட்டருக்கு உடனே விசா, ஆனால் ஒண்டியாகத்தான் போக வேண்டும். ஃபிட்டர் சம்பளத்துக்குப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொள்ள அங்கே விடமாட்டார்கள். லண்டன் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான், அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க வேண்டாம். ஜோடியாகப் போய்ப் பிழைக்க வேண்டுமானால் ஜாம்பியாதான். அங்கே தாமிரச் சுரங்கம் இருக்கிறது, ஃபிட்டரைக் கண்டால் கொத்திக்கொண்டு போவான். ஆனால் இறங்கும்போது பாக்கியராஜ் அவளுடைய விசாவைத் தொற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். வேலை செய்ய பர்மிட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சர்டிபிகேட் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "ஏம்மா, ஒரு தபா கட்டிக்கினவங்க இன்னொரு தபா கட்டிக்கினா தாலி கோச்சிக்குமா? ரிஜிஸ்டர் ஆபீசுல போயி செல்வின்னு கட்டிக்க. இந்துப் பொண்ணு, கிறிஸ்துவப் பையன். அதுக்குன்னே சட்டம் கீது."

அந்தச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆட்சேபணை இல்லாவிட்டால் கல்யாணம்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியராஜ் ஆரம்பித்தான். தான் குவைத்துக்குப் போவதாகவும், அவள் மாமியாரோடு இருந்து இங்கேயே பாடம் நடத்தட்டும் என்றும் சொன்னான். செல்வி முடியாது என்றாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் புருஷனுக்குப் பெட்டி இறக்கிவைக்கத் தான் பி.எஸ்ஸி. படிக்கவில்லை என்றாள். போனால் இரண்டு பேர், அதுவும் இப்போது.

மில்லில் விஷயம் பரவியது. சின்னதுரை என்ற கிரேன் டிரைவர் கேன்டீனில் எல்லார் எதிரிலும் கேட்டிருக்கிறான்: "இன்னா பாக்கி, அங்க போயி கொயம்பு வெக்கிறதுக்கும் பர்மிட் வோணுமா?" அன்று ராத்திரிச் சோற்றில் பாக்கியராஜ் கை வைக்கவில்லை. ஞானம்மா தன் பங்குக்கு ஆரம்பித்தாள். ஆம்பளை பேரில் பெண்டாட்டி போவதுதான் உலகம், இவள் பேரில் இவன் போனால் நாளைக்கு இவன் பெயருக்கு முன்னால் இவளுடைய இனிஷியலைத்தான் போட வேண்டும் என்றாள். மூன்று நாள் இதே பாட்டு.

நாலாவது நாள் பாக்கியராஜ் தானாகவே வந்து, சரி, எழுதிக் கொடுக்கலாம் என்றான். செல்வி நம்பினாள். படித்த முட்டாள் என்று பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பொன்னேரி பதிவு ஆபீசில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏற்கெனவே திருமணம் ஆனவரா என்ற இடத்தில் இருவருமே இல்லை என்று எழுதினார்கள். பொய்தான். உண்மையை எழுதினால் சோறு போகிற இடத்தில் வேறு என்ன எழுதுவது? அன்று காலை அவள் சிலுவை பொறித்த தாலியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, டிபன் பாக்சின் மேல் தட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நோட்டீசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டியதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

இருபத்தேழாவது நாள் ஆபீசிலிருந்து கார்டு வந்தது. ஆட்சேபணை வந்திருக்கிறது, இருவரும் ஆஜராகவும். அவள் மறுபடி தாலியைக் கைக்குட்டையில் சுற்றினாள்.

அதிகாரி வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே சர்ச்சில் கல்யாணமாகி சாராள் என்ற மனைவி உயிரோடு இருக்கிறாள், மாப்பிள்ளையின் தாய் என்ற முறையில் இதை ஆட்சேபிக்கிறேன். கீழே ஞானம்மாவின் கைநாட்டு. கூடவே சர்ச் சர்டிபிகேட்டின் நகல்.

செல்வி எட்டிப் பார்த்தாள். கைநாட்டு மாமியாருடையது. எழுத்து அவளுடையதல்ல, அவளுக்கு எழுதத் தெரியாது. கோடு கிழித்து அளந்து உட்காரவைத்த எழுத்துகள், ஐ.டி.ஐ. டிராயிங் வகுப்பில் பழகிய கை. கல்யாணத்துக்கு முன்னால் அதே கையில் அவளுக்குப் பதினொரு கடிதங்கள் வந்திருந்தன.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் மேஜைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆட்சேபணை என்றதும் அவள் பயந்துவிடுவாள், விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவாள், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வருவாள். ஜாம்பியா போகும், குவைத் வரும். சாராள்தான் நான் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, தங்கை இருக்கிறாள். அவளுடைய பயத்தை அளந்து வைத்துத்தான் ஒவ்வொரு எழுத்தையும் எழுதியிருந்தான்.

"யாருப்பா இந்த சாராள்?" என்றார் அதிகாரி.

உறுதிமொழியில் மனைவி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய், பொய் என்றால் கேஸ் ஆகும், தெரியுமா என்று அவர் பாக்கியராஜிடம் அடுத்ததாகக் கேட்டார். இது அவன் அளக்காத இடம். அவசரமாகக் கையை நீட்டி அவளைக் காட்டினான்.

"சார், இவதான் சார் சாராளு. ரெண்டும் ஒரே ஆளுதான். சொல்லு மே."

தங்கை இருக்கிறாள் என்பது அவனுக்கும் தெரியும். கல்யாணத்தன்று ரத்னாவுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீயாம்மா அது?"

செல்வி பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். ஜாதிச் சான்று. டிகிரி. வேலை உத்தரவு.

"என் சர்டிபிகேட் எதுலயும் அந்தப் பேரு இல்லீங்க சார்."

அவர் நாலையும் பார்த்தார். பிறகு கழுத்தைப் பார்த்தார், அங்கேயும் ஒன்றுமில்லை. பேனாவை மூடி வைத்தார். "இத பாருப்பா. சாராள் வேற பொம்பளைன்னா உனக்குப் பொண்டாட்டி இருக்கா. இந்தப் பொண்ணுதான் சாராள்னா உங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. எப்படிப் பார்த்தாலும் இங்க கல்யாணம் கிடையாது. கேஸ் கீஸ்னு என்னைப் பேஜாரு பண்ணாம கிளம்பு."

மாப்பிள்ளைக்கு மனைவி இருப்பதாக ஆட்சேபணை வந்ததால் மறுக்கப்பட்டது என்று எழுதித் தரச் சொல்லி செல்வி கேட்டாள். அவர் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். கடைசியில் அவளைப் பார்த்து, தப்பித்தாய் அம்மா, இனிமேலாவது ஆளை விசாரித்துக் கட்டிக்கொள் என்றார். அவள் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் பாக்கியராஜ் பின்னாலேயே ஓடிவந்தான். அம்மாதான் எழுதச் சொல்லிச்சு என்றான். மில்லில் தலைகாட்ட முடியவில்லை என்றான். சர்ச்சில் கட்டிய தாலி சர்க்கார் முத்திரைக்குப் போய்விடுமா, ஊட்டுக்கு வா என்றான். அவள் ஸ்டேஷன் படி ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அதுவரை அவனை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டுவந்தாள்.

படி ஏறியதும் டிபன் பாக்சைத் திறந்து, கைக்குட்டை முடிச்சை எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டாள்.

"இது சாராளோடது. அவ உங்க ஊட்டுக்கு வந்தா நீயே குடு."

அவன் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியவன். நின்றானா என்று அவள் பார்க்கவில்லை. மெட்ராஸ் போகும் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பந்தக் காகிதத்தை மடியில் விரித்தாள். எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கணவன் பெயர் கேட்ட கட்டம் மட்டும் ஒரு மாதமாகக் காலி. அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மேலே இருந்த கட்டத்தில் மணமாகாதவர் என்பதற்கு நேரே அடையாளம் போட்டாள். அதற்கு ஆதாரம் கேட்டால் காட்ட முத்திரை குத்திய காகிதம் கையில் இருந்தது.

ஒருத்திக்குத்தான் டிக்கெட். பரசுராமன் சொன்ன வழிகளில் இது இல்லை.

வண்டி வந்ததும் ஏறினாள்.