மூடி சேர்த்தவள்

பெற்றவளுக்கு ஐந்து நிமிடம். அதுவும் செவ்வாயும் வெள்ளியும் மட்டும், மதியம் ஒரு மணிக்கு, கண்ணாடிக்கு வெளியே நின்றபடி. சிறைக்கைதியைப் பார்க்கப் போகிறவர்களுக்குக்கூட உட்கார ஒரு நாற்காலி போடுவார்கள். இங்கே அதுவும் கிடையாது. பெற்ற பிள்ளையைப் பார்க்க இப்படி நேரம் அளந்து கொடுத்த புண்ணியவான் யாரென்று நெவெனாவுக்கு நன்றாகத் தெரியும். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் பெல்சேவ். கதவில் ஒட்டியிருந்த தாளில் அவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. காரணம் ஒரே வார்த்தை: தொற்று.

நெவெனாவின் மகள் கலினா ஏழாம் மாதம் தொடங்கியதும் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். எடை தொள்ளாயிரத்து எண்பது கிராம். ஜன்னலிலிருந்து மூன்றாவது இன்குபேட்டர் அவளுடையது. வெளியே நின்று பார்த்தால் ஒரு தொப்பியும் ஒரு பாதமும் தெரியும். அந்தப் பாதம் நெவெனாவின் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. முப்பத்தேழு நாட்களாக அந்தப் பாதத்தை வைத்துத்தான் தான் ஒரு தாய் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பாக்களுக்கு அந்தக் கண்ணாடியும் இல்லை. அவள் கணவன் ராட்கோ செங்கல் ஆலையில் இரவு முறை முடித்துவிட்டு, தூங்காமல் அவளோடு ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வருவான். கீழே முற்றத்தில் நின்று மூன்றாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்ப்பான். அவள் இறங்கி வந்ததும், "கால ஆட்டினாளா?" என்று கேட்பான். ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் நெவெனா ஆட்டினாள் என்றுதான் சொல்வாள்.

வீட்டில் வேறு பாட்டு. மாமியார் ஸ்தாமாத்கா ஒவ்வொரு முறையும் வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

"பிள்ளை பெத்தவ நாப்பது நாள் வாசப்படி தாண்டக்கூடாதுடி. பச்ச உடம்பு. காத்து கருப்பு அடிச்சிரும். ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பிள்ளை வீட்ல இருந்தாத்தானே அத்தை நான் வீட்ல இருக்கறதுக்கு?"

மாமியார் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி அவள் பையில் திணித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நெவெனா பாலைப் பீய்ச்சி எடுத்தாள். முதல் வாரம் பனிக்கட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனாள். "வெளிப்பால் வாங்கறதில்லங்க" என்று தாதி பென்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பெற்றவளின் பால் வெளிப்பால் ஆகிவிட்டது. டப்பாவில் வந்த மாவு உள்ளூர்ப் பால் ஆகிவிட்டது. அன்றிலிருந்து பாலெல்லாம் சமையலறைத் தொட்டியில் போயிற்று. ஆனாலும் பீய்ச்சுவதை அவள் நிறுத்தவில்லை. மகள் வீட்டுக்கு வரும் நாளில் மார்பு வற்றிக் கிடக்கக்கூடாது.

மற்ற நாட்களில் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்வார்கள். "நிலைமை சீராக இருக்கு." அவ்வளவுதான். வானிலை அறிக்கை வாசிப்பவன்கூட நாளைக்கு மழை வருமா என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வான்.

முந்தின செவ்வாயன்றுதான் பென்கா காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவளைத் தனியாக நிறுத்தினாள்.

"நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. உங்க பொண்ணு அப்பப்போ மூச்சு விட மறந்துடுது. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான். கால லேசா தேச்சு விட்டா ஞாபகம் வந்து விட ஆரம்பிச்சிரும். ஆனா நாங்க ரெண்டு பேரு, பதினோரு பிள்ளைங்க. மணி அடிக்குது, ஓடி வர்றதுக்குள்ள..." அவள் முடிக்கவில்லை. "பக்கத்துல யாராவது இருந்தா நல்லாருக்கும்."

யாராவதா? நான் இருக்கிறேனே, வாசலில்தானே நிற்கிறேன் என்று நெவெனாவுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அன்று முழுவதும் கண்ணை மூடினால் எங்கோ ஒரு மணி அடித்தது.

மறுநாள் காலை, அவள் வேலை பார்க்கும் தையல் கூடத்து மேற்பார்வையாளர் கின்கா போனில் கூப்பிட்டாள்.

"நெவெனா, எப்படிடி இருக்க? ஒரு விஷயம். நாம சேத்த மூடி இருக்குல்ல, அதுல ஒரு இன்குபேட்டர் வாங்கிட்டாங்களாம். உன் ஆஸ்பத்திரிக்குத்தான்டி! வெள்ளிக்கிழம ஒரு மணிக்கு விழாவாம், ஆஸ்பத்திரிலேர்ந்து கடுதாசி வந்திருக்கு. நம்ம கூடத்துலேர்ந்து ஒரு ஆளு வரணுமாம். அதிகமா சேத்தது நாமதானாம்."

பிளாஸ்டிக் பாட்டில் மூடிகள்தான். அந்த நாட்டில் பள்ளிக்கூடம், அலுவலகம், கசாப்புக் கடை என்று எல்லா இடத்திலும் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். டன் கணக்கில் சேர்த்து, உருக்குகிறவனுக்கு விற்று, வருகிற காசில் குறைமாதக் குழந்தைகளுக்கு இயந்திரம் வாங்குவார்கள். அரசாங்கம் வாங்கவேண்டியதை எலுமிச்சைச் சாறு பாட்டிலின் மூடி வாங்கவேண்டியிருந்தது. தையல் கூடத்தில் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு நெவெனா. மூன்று வருஷமாக மூடிகளைக் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையைப் பிய்த்து, மூட்டை கட்டியவள் அவள். கூடத்துப் பெண்கள் அவளை மூடிக்காரி என்று கேலி செய்வார்கள்.

"ஒரு மணிக்கா?" என்றாள் நெவெனா.

"ஆமா. உன் பேரத்தான் குடுத்திருக்கேன். பிள்ளை உள்ள கிடக்கறப்போ உனக்கு இதெல்லாம் கஷ்டம்னா சொல்லு, வேற யாரயாவது அனுப்பறேன்."

"வேண்டாம்க்கா. உள்ளயே கூட்டிட்டுப் போவாங்களா?"

"உள்ளதான்டி. படம் எடுக்க வேண்டாமா?"

வெள்ளிக்கிழமை போனபோது கதவில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. விழாவை முன்னிட்டு இன்று பார்வை நேரம் ரத்து. கீழே அதே கையெழுத்து, அதே முத்திரை. நாலு தாய்மார்கள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் வெசெலா மூன்று பேருந்து மாறி வருகிறவள். அவள் மகன் பிறந்து ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக்கூடாது?" என்றாள் வெசெலா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அத்தனை நாளில் கோபப்படவே மறந்துபோயிருந்தாள். நெவெனாவுக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. "நான் உள்ள போறேன்" என்றாள். மூடிக் கதையைச் சொன்னதும் வெசெலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குக் கதவு அகலத் திறந்தது. முப்பத்தேழு நாளில் அவளுக்கு ஒரு விரற்கடைகூடத் திறக்காத கதவு.

முதலில் துணை மேயர் போனார். பின்னால் அவருடைய ஆட்கள் நாலு பேர், கேமராவோடு இரண்டு பேர், ஒலிவாங்கியோடு ஒரு செய்திக்காரப் பெண், பாரம்பரிய உடையில் தட்டு ஏந்திய ஒரு பெண். தட்டில் ரொட்டியும் உப்பும். விருந்தினரை அப்படித்தான் வரவேற்கவேண்டும். அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவிலா? அவளுக்குப் பின்னால் பாதிரியார், கையில் துளசிக்கொத்தும் தண்ணீர்ச் செம்பும். எல்லோருக்கும் கோட்டுக்கு மேலேயே பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். செருப்புக்கு மேல் மாட்டும் உறை தீர்ந்துவிட்டதாம். நவம்பர் மாதச் சேறு அப்படியே உள்ளே போயிற்று. வாசலில் இருந்த கை கழுவும் தொட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நெவெனா மட்டும் நின்று முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினாள்.

டாக்டர் பெல்சேவ் அவள் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூடி சேர்த்தது நீங்கதானா? பெரிய மனசு உங்களுக்கு. உங்கள மாதிரி ஆளுங்களாலதான் இந்தக் குழந்தைங்க உயிரோட இருக்கு."

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. முப்பத்தேழு நாளாகச் செவ்வாயும் வெள்ளியும் அவர் நடந்து போகிற வழியில் நின்றிருக்கிறாள். நாலு முறை கேள்வியும் கேட்டிருக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தால்தானே அடையாளம் தெரிவதற்கு.

எல்லோரும் புதிய இன்குபேட்டரைச் சூழ்ந்து நின்றார்கள். அது காலியாக இருந்தது, ரிப்பன் கட்டியிருந்தது. பாதிரியார் ஓதிக்கொண்டே துளசியால் தண்ணீர் தெளித்தார். டாக்டர் பெல்சேவ் பயபக்தியோடு தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பென்காவையும் இன்னொரு தாதியையும் படத்துக்காக இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். துணை மேயர் பேச ஆரம்பித்தார். எதிர்காலம் என்றார். நம் தேசத்தின் மொட்டுகள் என்றார்.

அப்போது மணி அடித்தது.

ஜன்னலிலிருந்து மூன்றாவது. பென்கா அசைந்தாள், கேமராக்காரன், "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டினான். நெவெனா ஐந்து எட்டில் அங்கே இருந்தாள். திரையில் எண் இறங்கிக்கொண்டே போயிற்று. பக்கவாட்டில் இருந்த வட்டக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். அந்தப் பாதம் சூடாக இருந்தது. இத்தனை சூடாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. உள்ளங்காலை விரலால் தேய்த்தாள். "மூச்சு விடுடி கண்ணு. அம்மா வந்துட்டேன், விடுடி" என்றாள். விலா எலும்புகள் ஒருமுறை குழிந்தன, பிறகு எழும்பின. எண் ஏறியது. மணி நின்றது.

"அம்மா! தொடாதீங்க!" டாக்டர் பெல்சேவ் ஓடி வந்தார். "யார் உங்கள இங்க வரச் சொன்னது? தொற்று வந்துரும்!"

"நீங்கதான் கூப்பிட்டீங்க. கடுதாசி அனுப்பியிருந்தீங்களே."

"கையை எடுங்க முதல்ல."

"எடுக்க மாட்டேன். தொற்று என் கையில மட்டும்தான் இருக்குதா? அதோ அவர் காலப் பாருங்க. சந்தைச் சேறெல்லாம் அங்கதான் இருக்கு."

துணை மேயர் தன் காலைக் குனிந்து பார்த்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு அதைவிட நல்ல படம் வேண்டியதில்லை. கேமராவும் அந்தக் காலைத்தான் படம் பிடித்தது.

"நீங்க யாரு?" என்று ஒலிவாங்கியை நீட்டினாள் செய்திக்காரப் பெண்.

"இவளோட அம்மா. பேரு நெவெனா. பிள்ளை பொறந்து முப்பத்தேழு நாள் ஆச்சு. இன்னிக்குத்தான் தொடறேன். அதுவும் மூடி சேத்தவள்னு சொல்லித்தான் உள்ள விட்டாங்க."

பாதிரியார் துளசிக்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஏற்பாடு டாக்டர் இது?" என்று துணை மேயர் கேட்டார், தன் நிர்வாகத்துக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோல்.

"விதி இருக்கு சார்."

"விதி யாரு எழுதினது?" என்றாள் நெவெனா. "தலையெழுத்தா அது? கையெழுத்து உங்களோடதுதானே?"

டாக்டர் பெல்சேவ் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. உங்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் தரேன். உங்களுக்கு மட்டும். இவங்கெல்லாம் போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் என்றால் என்னவென்று நெவெனாவுக்குத் தெரியும். கேமரா இறங்கிப் போன அடுத்த நிமிடம் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது, அதை மறைப்பதற்கில்லை. தினமும் ஒரு மணி நேரம், இந்தப் பாதம். தலையை ஆட்டிவிட்டால் போதும்.

"எனக்கு மட்டும்னா வேண்டாம்" என்றாள். "வெளியில நாலு பேரு நிக்கறாங்க. அவங்களும் வரட்டும். இப்பவே, இவங்க இருக்கறப்பவே."

"பேரம் பேசறீங்களா?"

"ஆமா, பேரம்தான். என் பிள்ளைக்காகப் பேசாம வேற எதுக்குப் பேசுவேன்?"

டாக்டர் கேமராவைப் பார்த்தார், துணை மேயரைப் பார்த்தார். பென்கா அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக நடந்து போய்க் கதவைத் திறந்து, "வாங்க, கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

நாலு பேரும் வரிசையாக நின்று கழுவினார்கள். கோயிலுக்குள் நுழைகிறவர்களைப்போல் சத்தமில்லாமல் வந்தார்கள். மூன்று பேர் தத்தம் இன்குபேட்டருக்கு நேராகப் போனார்கள். வெசெலா மட்டும் நடுவில் நின்றுவிட்டாள். அவள் மகன் தூணுக்குப் பின்னால், கடைசி வரிசையில் இருந்தான். அந்த வரிசை கண்ணாடி வழியாகத் தெரியவே தெரியாது. இத்தனை நாள் ஒவ்வொரு முறையும் அவள் தூணைத்தான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். பிறகு பென்காவின் கையைத் தொட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள்.

"சிஸ்டர், இதுல என் பிள்ளை எது?"