சாம்பார் ஏறிய வேன்

வீரம்மா வாசலுக்கு வந்து சக்கர நாற்காலிக்குப் பிரேக் போட்டபோது எதிர்வீட்டுச் சீனக் கிழவர் தன் குருவிக் கூண்டை வெளியே மாட்டிக்கொண்டிருந்தார். குருவி கத்தி ஓய்ந்தது. கிழவர் பாசாருக்குப் போய்க் கீரைக்கட்டோடு திரும்பியும் வந்துவிட்டார். ஊனமுற்றோர் மையத்து வேன் மட்டும் வரவில்லை. இன்றைக்கென்றே தைத்த நீலப் பஞ்சாபி உடை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மடியில் சர்ட்டிபிகேட்டுகள் வைத்த ஃபைல். பக்கத்தில், கால்வாய்த் திட்டின்மேல், கன்னையா ஊன்றுகோல்களைக் குறுக்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போர்ட் கிள்ளானில் மூட்டை சரிந்து விழுந்து வலது காலைக் கொடுத்தவன். இல்லாத காலுக்கும் சேர்த்து இஸ்திரி போட்டு, காற்சட்டையை மடித்து ஊசி குத்தியிருந்தான்.

"வரும்லா, வீரம்மா. ரெங்கசாமி என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கான்" என்றான்.

"பத்து மணிக்கு ஷா ஆலத்துல இருக்கணும்ணே. இன்னைக்குச் சனிக்கிழமை. ஒரு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க."

அந்தப் பத்து மணிக்காக அவள் ஒரு வருஷம் அலைந்திருக்கிறாள். அலைந்தாள் என்றால் நடந்தா அலைந்தாள்? போலியோ இரண்டு கால்களையும் மூன்று வயதிலேயே வாங்கிக்கொண்டது. ஷா ஆலத்து ரேடியோ தொழிற்சாலைக்குக் கடிதமாக எழுதித் தள்ளினாள், காப்பிக்கடையிலிருந்து போனாகப் போட்டாள். உட்கார்ந்து செய்கிற வேலைதானே, உட்காருவதில் எங்களைவிட அனுபவசாலி யார் என்றுகூட ஒருமுறை எழுதினாள். கடைசியில் ஆளெடுக்கிற மலாய்க்காரப் பெண்மணி, சரி, இரண்டு பேர் வந்து கைவேலையைக் காட்டுங்கள், சரிப்பட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். இபிஎஃப் என்று சேமநிதி பிடிக்கிற சம்பளம். வீரம்மாவுக்கு அந்த வார்த்தையே இனித்தது. ஊனமுற்றோர் நல மையத்தில் பத்து வருஷமாகப் பிரம்புக்கூடை பின்னியாயிற்று. அந்தக் கூடையைக் கூடை வேண்டுமென்று வாங்கியவர்கள் யாருமில்லை. ஐயோ பாவம் என்று வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் அழுக்குத்துணி போட்டு வைத்தார்கள். அந்த 'ஐயோ பாவம்' இல்லாமல் ஒரு சம்பளம் வாங்கிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

கிழவரின் வீட்டுக் கடிகாரம் பத்தடித்ததும் அவள் முனைக் காப்பிக்கடைக்கு நாற்காலியை உருட்டினாள். பொதுத் தொலைபேசியை நின்றுகொண்டு பேசுகிறவர்களுக்கென்றே உயரத்தில் மாட்டியிருந்தார்கள். கடைக்காரர்தான் எண்ணைச் சுழற்றி, குழாயைக் கீழே நீட்டினார். மையத்தில் காவல்காரர் எடுத்தார்.

"வேனா? அது காலையிலேயே போச்சேம்மா. தலைவர் மக கல்யாணம்ல, மண்டபத்துக்குச் சாப்பாடு ஏத்திக்கிட்டுப் போயிருக்கு."

வீரம்மா குழாயைக் கடைக்காரரிடமே கொடுத்தாள். பின்னாலேயே வந்து நின்ற கன்னையாவிடம் விஷயத்தைச் சொன்னாள். காது மடலெல்லாம் சுட்டது.

"கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதைதான்" என்றான் கன்னையா. "டாக்சி பாப்போமா?"

பார்த்தார்கள். முதல் டாக்சிக்காரன் நாற்காலியைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டினான். இரண்டாமவன் நிறுத்தி, காரின் பின்பெட்டியில் எரிவாயுத் தோம்பு இருக்கிறது, நாற்காலி ஏறாது என்று நல்ல மனிதனாகவே சொல்லிவிட்டுப் போனான்.

"நீங்க பஸ்ஸைப் புடிச்சுப் போங்கண்ணே. உங்களால ஏற முடியும்."

"நான் மட்டும் போயி? ரெண்டு பேருன்னுதானே சொன்னாங்க. ஒத்தக் காலோட ஒத்தையா வேற போகணுமா."

"அப்ப மண்டபத்துக்கு நடங்க."

மண்டபம் பக்கம்தான். காலுள்ளவர்களுக்குப் பக்கம். கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதை என்று ஒன்று உண்டு. ஒரு கடைக்கு ஒரு உயரம், அடுத்த கடைக்கு இன்னொரு உயரம், நடுவில் படி. அதனால் வீரம்மா நடுரோட்டில்தான் போவாள். பின்னால் லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். இரு கையாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே அவள் அந்த வேனை நினைத்தாள். அதை வாங்கக் கொடி நாளில் பாசார் வாசலில் தகர உண்டியலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள். காசைப் போட்டுவிட்டுத் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்தவர்களையும், அடுத்த பிறவியிலாவது நன்றாகப் பிற என்று சொன்னவர்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துச் சிரித்தது அவள். வேன் வந்த பிறகு, பின்பக்கம் நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்வுப் பலகை வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டதும் அவள்தான். எதற்கு வீண் செலவு, நம்ம பையன்கள் தூக்கி வைத்துவிடுவார்களே என்றது செயற்குழு. நான் மூட்டையில்லை என்றாள். கடைசியில் மேரு சாலைப் பட்டறையில் இரும்புப் பலகை அடித்துப் பூட்டினார்கள். முதல்நாள் யார் கையும் படாமல் தானாக உருண்டு உள்ளே போனபோது, வீரம்மா திரும்பி உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

அந்தப் பலகையில்தான் இப்போது சோற்று அண்டா இறங்கிக்கொண்டிருந்தது.

மண்டபத்தின் பக்கவாட்டில் வேன் நின்றது. விலாவில் நீல எழுத்தில் 'ஊனமுற்றோர் பயன்பாட்டுக்கு'. எழுத்துக்கு மேலே மாவிலைத் தோரணம். சமையல்காரர்கள் இரண்டு பேர் அடியில் உருளை வைத்த தட்டில் அண்டாவை ஏற்றி, பலகை வழியாகச் சர்ரென்று இறக்கினார்கள். இப்படி ஒரு பலகை இருந்தால் எந்தக் கல்யாணத்துக்கும் இடுப்புப் பிடிக்காது என்று ஒருவன் பாராட்டினான். ஓட்டுநர் ரெங்கசாமி சிகரெட்டை வாயில் வைத்தபடி நின்றிருந்தான். வீரம்மாவைக் கண்டதும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தலைவர் சிவசம்புவின் மனைவி தங்கரத்தினம் பக்கவாசலில் வந்துவிட்டார். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, முகம் நிறைய இரக்கம். கல்யாண நாளில் கால் இல்லாத இரண்டு பேர் வாசலில் வந்து நின்றால் எதற்கு வந்திருப்பார்கள்? அந்த அம்மாளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.

"வந்திட்டீங்களா மக்கள்? இந்தாங்கோ, முதல் இலை உங்களுக்குத்தான். கலியாணத்தண்டைக்கு உங்கட வயிறு குளிர்ந்தா என்ர பிள்ளைக்குப் புண்ணியம்." கையோடு கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை வீரம்மாவின் மடியில், ஃபைலின் மேலேயே வைத்தார். மேலே காசு வைத்த ஓர் அங்பாவ் உறை. "பின்பக்கமா இருந்து சாப்பிடுங்கோ, என்ன? மாப்பிள்ளை வீட்டுக்காரர் முன்னுக்கு நிக்கினம்."

சூடான பொட்டலத்தின் எண்ணெய் ஃபைலில் இறங்கியது. வீரம்மா அதை எடுத்து, பக்கத்தில் கிடந்த நாற்காலியில் மெதுவாக வைத்தாள். அங்பாவையும் வைத்தாள்.

"நான் சாப்பிட வரலம்மா. வேனுக்கு வந்தேன்."

தங்கரத்தினத்துக்குப் புரியவில்லை. புரிய வைத்துக்கொண்டிருக்க வீரம்மாவுக்கும் நேரமில்லை. தன் சக்கர நாற்காலியைத் திருப்பினாள். சமையல்காரர்கள் சோற்றை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். சாம்பாரும் பாயசமும் இன்னும் வேனுக்குள். பலகை கீழே சாய்ந்துதான் இருந்தது. இரண்டு எம்பு எம்பி அவள் மேலே ஏறினாள். உள்ளே சாம்பார் அண்டாவுக்கு முன்னால் குறுக்காக நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள். கன்னையா ஊன்றுகோலை ஊன்றி ஏறி, மிச்சமிருந்த இடைவெளியில் கீழேயே உட்கார்ந்து தன் ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டான்.

"சாம்பார் வாசனை நல்லாத்தான் இருக்கு" என்றான்.

உள்ளே பந்தி உட்கார்ந்தாயிற்று. இலை போட்டாயிற்று. சோறும் விழுந்தாயிற்று. சாம்பார் எங்கே என்று ஒரு குரல், அப்புறம் பல குரல். வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்? கடைசியில் சிவசம்புவே வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதி. மையத்து மேடையில் மாலை வாங்கும்போது இருக்கிற அதே சிரிப்பு.

"என்ன பிள்ளை இது? இது கலியாண வீடு. இறங்கும்."

"பத்து மணிக்கு ஷா ஆலம் போய்ச் சேர வேன் கேட்டிருந்தோம் ஐயா."

"திங்கட்கிழமை நானே போன் பண்ணிக் கதைக்கிறன். ஷா ஆலம் எங்கயும் ஓடிப் போகாது."

"அவங்க இன்னைக்குத்தான் வரச் சொன்னாங்க. இன்னைக்கு வரலன்னா, நொண்டிங்கன்னா இப்படித்தான், நேரத்துக்கு வரமாட்டாங்கன்னு எழுதி வெச்சிருவாங்க. அடுத்து கேக்கிறவளுக்கும் சேர்த்துக் கதவை மூடிருவாங்க."

"உங்களுக்காக நான் எவ்வளவு ஓடித் திரியிறன். ஒருநாள் என்ர பிள்ளைக்கு இந்த வேன் உதவக்கூடாதே?"

"நீங்க ஓடுறீங்க ஐயா. எங்களால ஓட முடியாதுன்னுதான் வேன் வாங்குனோம்."

சிவசம்புவின் சிரிப்பு போய்விட்டது. திரும்பி, பரிமாற வந்த இளைஞர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான்கு பேர் பலகையில் ஏறினார்கள். ஒருவன் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தான். எத்தனை கைகள் இப்படி! கோயிலில், பேருந்தில், ஆஸ்பத்திரியில். ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கும், வைக்கும், பிறகு நன்றிக்காகக் காத்து நிற்கும்.

"கையை எடு தம்பி" என்றாள். குரல் உயரவில்லை. "இது நாற்காலி இல்ல, என் காலு. உன் காலைக் கேக்காம ஒருத்தன் புடிச்சுத் தூக்குனா சும்மா இருப்பியா?"

அவன் கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தான். நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கிவிட்டார்கள்.

"ரெங்கசாமி" என்றார் சிவசம்பு. "இவையள இறக்கு. இல்லாட்டி நாளைக்கு நீ வேலைக்கு வரத் தேவையில்லை."

ரெங்கசாமி பலகையின் அருகே வந்து நின்றான். பிள்ளைகுட்டிக்காரன். சாதாரணமாகத் தலைவருக்கு எதிரே நிமிர்ந்துகூட நிற்க மாட்டான்.

"நேத்தே சொன்னேன் ஐயா, இவங்களுக்கு வேலை விஷயமா போகணும்னு. நீங்கதான் சொன்னீங்க, அதுகளுக்கு என்ன அவசரம், பழகினதுதானேன்னு."

தங்கரத்தினம் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்பிடியே சொன்னனீங்கள்?" என்று கேட்டார். வேன் இருட்டுக்குள் வீரம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதுகள். பத்து வருஷமாக மேடையில் 'என் குழந்தைகள்' என்று கண்ணீர் விட்டவர். வீட்டுக்கு வந்ததும் அதுகள்.

ரெங்கசாமி குனிந்து பலகையைத் தூக்கினான். சிவசம்பு, ஏதோ சரிசெய்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். பலகை மடங்கி உள்ளே போயிற்று. கதவைச் சாத்தினான். முன்பக்கம் ஓடிப் போய் ஏறி அவன் வண்டியைக் கிளப்பியபோதுதான், சாம்பார், சாம்பார் என்று சமையல்காரன் பின்னாலேயே ஓடி வந்தான்.

பெடரல் ஹைவேயில் ரெங்கசாமி வேனை விரட்டினான். கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்டா மூடி எகிறி, சாம்பார் வழிந்து தரையெல்லாம் ஓடியது. கன்னையா தன் இஸ்திரி மடிப்பைக் காப்பாற்றக் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் விட்டுவிட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். வீரம்மா சிரிக்கவில்லை. கோபம் தணிந்துவிடுமோ என்று பயந்தாள். தொழிற்சாலை போய்ச் சேரும்வரை அது அவளுக்குத் தேவைப்பட்டது.

வாயிற்காவலன் தோரணத்தைப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். கேட்டரிங் என்றால் கேண்டீன் பின்பக்கம் என்று மலாயில் சொன்னான்.

"கேட்டரிங் இல்ல பாஸ், இண்டர்வியூ" என்றான் ரெங்கசாமி.

மணி பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது. ஆபீஸ் கட்டடத்தின் முன் வேனை நிறுத்தி, பலகையை இறக்கினான். வீரம்மா கீழே உருண்டாள். வெள்ளையாகக் கழுவி விட்டிருந்த சிமெண்டுத் தரையில் அவளுக்குப் பின்னால் இரண்டு மஞ்சள் கோடுகள் ஓடி வந்தன. கண்ணாடிக் கதவு வரைக்கும் அவை போகவில்லை. கதவுக்கு முன்னால் பளிங்குப் படிகள். போனில் அவள் கேட்டிருந்தாள், படி இருக்குமா என்று. எந்தப் பிரச்சினையும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

காவலன் பின்னாலேயே வந்தான். பிரச்சினையில்லை என்று அவனும் சொன்னான். ஆள் கூப்பிடுகிறேன், நாலு பேர் தூக்கிவிடுவார்கள் என்றான். நல்லவன்தான். கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். கன்னையா ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினான்.

வீரம்மா நாற்காலிக்குப் பிரேக் போட்டாள். ஃபைலை மடியில் நேராக வைத்து, எண்ணெய்க் கறையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"ரெங்கசாமிண்ணே, ஹார்ன் அடிங்க. ஆபீஸ்ல இருக்கிறவங்க இறங்கி வரட்டும்."

ரெங்கசாமி அடித்தான். ஒருமுறை அடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றான். மேல்மாடி ஜன்னலில் வரிசையாகச் சாத்தியிருந்த வெயில் தடுப்புப் பட்டைகளில் ஒன்று விலகியது. அப்புறம் பக்கத்து ஜன்னலிலும் ஒன்று. கீழே படியின் அடியில், வெயிலில், மஞ்சள் கோடுகள் காயத் தொடங்கியிருந்தன.