ஆறாவது திருப்பம்

நவம்பர் 14, வெள்ளி. மலை வழியின் பதினோரு திருப்பங்களில் பத்துக்குத்தான் டிக் இருக்கிறது. ஆறாவதற்கு இல்லை. மாற்றி எழுத மறந்தேனா, டிக் போட மட்டும் மறந்தேனா, தெரியவில்லை. எப்படியிருந்தாலும் தவறு என்னுடையது.

அர்ஜுன் இதை எழுதி முடிப்பதற்குள் கல்யாணசுந்தரம் அங்கிள் மார்ச்சுவரி ஜன்னலிலிருந்து திரும்பிக் கை நீட்டினார்.

“பாஸ்போர்ட் காப்பி இன்னொண்ணு கேக்கறான். அப்பாவோட ஐடியும் வேணுமாம்.”

அவன் கோப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் நான்கு நகல்கள் அடுக்கி வைத்திருந்தான்.

“இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர் பேப்பரோட மல்லுக்கட்டறேன். எனக்கு இப்படி அடுக்கத் தெரியலடா,” என்றார் அங்கிள். அப்பாவின் பழைய அலுவலக நண்பர். எங்கே நின்று இதைச் சொல்கிறோம் என்பது பிறகுதான் உறைத்ததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே இருப்பது பிருந்தா, அர்ஜுனின் அக்கா. புதன்கிழமை காலை அலுவலகத்தில் டீ எடுக்கப் போன இடத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்து மூன்று வயது. அம்மா அஜ்மானில் வீட்டில் இருந்தாள். அப்பா பத்மநாபன் பெஞ்சின் மறு ஓரத்தில், தூதரகம் ரத்து செய்து கொடுத்த மகளின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்குத் தகனம்.

பிருந்தாவின் மலையேற்றக் குழுவைச் சேர்ந்த ஹிஃப்ஸா அக்கா அரை மணி நேரத்துக்கு முன்னால் கொடுத்த தாள் அர்ஜுனின் மடியில் கிடந்தது. லேமினேட் செய்திருந்தார். ராஸ் அல் கைமா மலையில் ஒரு நாள் நடை, நாளை, சனிக்கிழமை. பிருந்தா கடைசியாகப் போட்ட திட்டம்.

“பன்னெண்டு பேரும் வர்றாங்க தம்பி. யாரும் கேன்சல் பண்ணல. அவ போட்ட வழி, அவளுக்காக நடக்கப் போறோம்,” என்று சொல்லியிருந்தார்.

குழுவை அழைத்துப் போகும் முன் எந்த வழியையும் பிருந்தா ஒருமுறை நடந்து பார்த்துவிடுவாள். ஏறும்போது பேசமாட்டாள், மூச்சு வாங்கும். இறங்கி வரும்போதுதான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று குரல் பதிவு அனுப்புவாள். அர்ஜுன் அதைக் கேட்டு, ஏறுகிறவர்களுக்காக வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றித் தாளில் எழுதுவான். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக். மூன்று வருடமாக அப்படித்தான். இந்த முறை அவன் அதைத் திங்கள் மாலை அரபி வகுப்பின் கடைசி வரிசையில், ஒரு காதில் இயர்போனுடன் எழுதினான். ஆறாவதற்கு வந்தபோது ஆசிரியர் அவனை எழுப்பி அரபியில் மணி சொல்லச் சொன்னார்.

ஆறு: ஒற்றை இலந்தை மரம். ஓடை இரண்டாகப் பிரியும். இடது கிளையில் ஏறவும்.

இரண்டு கிளைகளில் ஒன்று காய்ந்த அருவியில் போய் முடிகிறது. வழவழத்த பாறை. தொற்றி ஏறிவிடலாம், இறங்க முடியாது. நிழல் இல்லை. போனுக்கு சிக்னலும் கிடையாது.

அவன் வராந்தாவின் கோடிக்குப் போய் ரோஹித்தை அழைத்தான். ஞாயிற்றுக்கிழமை வழி பார்க்க அக்காவுடன் போனவன் அவன்.

“இலந்தை மரத்துக்கிட்ட எந்தப் பக்கம் ஏறினீங்க?”

“ப்ரோ, நான் அக்கா ஷூவையே பாத்துட்டு பின்னாடி நடந்தேன். லெஃப்ட்டு... இல்ல, ஷ்யூரா தெரியல ப்ரோ. ஷீட்ல இருக்கும்ல? அக்கா ஷீட் தப்பாவே இருக்காது.”

போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்காவின் பதினோரு பதிவுகளும் அதில் இருந்தன. புதன்கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கத்தை அவன் திறக்கவில்லை. திறக்காமலே முடிக்க ஒரு வழி இருந்தது.

“அக்கா, நாளைக்குப் போக வேணாமே,” என்றான் ஹிஃப்ஸாவிடம் வந்து.

“ஏன்?”

“இல்ல... வீட்ல இப்படி இருக்கறப்ப.”

“நீங்க வீட்ல இருங்க தம்பி. நாங்க போயிட்டு வர்றோம். நாளைக்கு இல்லன்னா அடுத்த வாரம். இதே ஷீட்ட வச்சுத்தான்.”

அவன் தாளின் ஆறாவது வரியில் விரலை வைத்தான்.

“ஷீட்ல ஒரு தப்பு இருக்கலாம்.”

“பிருந்தா ஷீட்லயா?”

“அவ சொன்னதுல இல்ல. நான் எழுதினதுல.”

“இருக்கலாம்னா? இருக்கா, இல்லையா? எப்பவும் இப்படித்தான் இழுப்பீங்க. இது பன்னெண்டு பேர் ஏறுற மலை.”

“கேட்டாத் தெரியும்,” என்றான். கையிலிருந்த போனைக் காட்டினான்.

ஹிஃப்ஸாவுக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார். “அப்பாவ டீ குடிக்கன்னு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகவா?”

அர்ஜுன் சட்டைப்பையில் இயர்போனைத் தேடினான்.

“அதெல்லாம் வேணாம். எல்லாருக்கும் கேக்கறாப்ல போடு,” என்றார் அப்பா. அவர் பாஸ்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதலில் காற்றின் இரைச்சல். சரளைக்கல் சரியும் சத்தம். பிறகு பிருந்தா.

“ஆறு. இலந்தை மரம். இறங்கிட்டிருக்கேன். காய்ஞ்ச அருவி இருக்கற ஓடை எனக்கு வலது கைப் பக்கமா வந்து சேருது. அதுல மட்டும் யாரும் ஏறிடக் கூடாது. மாத்தி எழுது. கிளாஸ்ல உக்காந்து எழுதாத, வீட்ல உக்காந்து எழுது. ரோஹித், உக்காந்துட்டியா? எழுந்திரு, யல்லா.”

தண்ணீர் விழுங்கும் சத்தத்தோடு பதிவு முடிந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஊழியர்கூட எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

அர்ஜுன் எழுந்து வாசலைப் பார்த்து நின்றான். மார்ச்சுவரிச் சுவர் வலது பக்கம். அப்படியே திரும்பி நின்றான். சுவர் இடது பக்கம். இன்னொரு முறையும் திரும்பிப் பார்த்தான்.

“இடது பக்கம்தான் அருவி. வலது கிளையில ஏறணும்,” என்றான். “நான் மாத்தாம எழுதிட்டேன். அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லுங்க.”

ஹிஃப்ஸா கைப்பையிலிருந்து பன்னிரண்டு தாள்களையும் ஒரு மார்க்கரையும் எடுத்தார். “குடுங்க, ஆளுக்குப் பாதி போட்டுடலாம்.”

“நானே போடறேன்க்கா.”

பெஞ்சில் தாள்களைப் பரப்பி மண்டியிட்டு உட்கார்ந்தான். ‘இடது’ என்பதை அடித்து, மேலே ‘வலது’ என்று எழுதினான். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் மை காயும்வரை ஒவ்வொன்றின் மேலும் ஊதினான். எட்டாவது தாளில் இருந்தபோது உள்கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் கேட்டது.

“பத்மநாபா, வண்டி ரெடி. டிரைவர் ஜல்தி ஜல்திங்கறான்,” என்றார் கல்யாணசுந்தரம் அங்கிள்.

“நிக்கச் சொல்லு,” என்றார் அப்பா. “அவன் முடிச்சுக்கட்டும்.”

அர்ஜுன் நிமிரவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது காய்ந்ததும் அடுக்கி ஹிஃப்ஸாவிடம் கொடுத்தான். அதன்பிறகுதான் எழுந்துபோய் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தான்.

தகனம் சொன்ன நேரத்துக்கே முடிந்தது. வாய்க்கரிசி போட அப்பா கை நீட்டினார். அர்ஜுன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். திரும்பும் வழியில் அங்கிள் காரை ஓட்டினார். ஷார்ஜா நெரிசலில் ஒரு மணி நேரம் ஆயிற்று.

“நாளைக்கு அவங்க எல்லாரும் இறங்கிட்டாங்களான்னு யாரு பாக்கறது?” என்று கேட்டார் அப்பா.

“நான்தாம்பா.”

“அஸ்திக்கு ஒன்பது மணி சொல்லியிருக்கான்.”

“அப்ப அவங்க ஏறிட்டிருப்பாங்க. ரெண்டையும் பாத்துக்கலாம்.”

அப்பா தலையசைத்தார்.

வீட்டில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அர்ஜுன் குளித்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டான். பிறகு நோட்டை எடுத்துக் காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினான்.

ஆறாவது திருத்தப்பட்டது. பன்னிரண்டு தாளிலும்.

நாளை: ஐந்தேகாலுக்கு அவர்கள் கிளம்புகிறார்கள். ஒன்பதுக்கு அஸ்தி, அப்பாவுடன். அடையாள அட்டை நகல் இரண்டு. மதியம் இரண்டுக்குள் பன்னிரண்டு பேரும் இறங்கிவிட்டதாகச் செய்தி வர வேண்டும். மூன்றுவரை வராவிட்டால் போலீசை, 999-இல், அழைக்க வேண்டும்.