மைக்குல மட்டும் பேசுற மனுஷன்

என் வீட்டுக்காரருக்கு வாய்னு ஒண்ணு இருக்குங்கிறதே கடற்கரைக்கு வர்றவங்களுக்குத்தான் தெரியும். வீட்டுல "ம்", "இந்தா", "துண்டு எங்கே?", அவ்வளவுதான். அதுக்கு மேல பேசினா முத்து உதிர்ந்துடும். ஆனா காலையில கடல்ல குளிக்கிறவங்களுக்குக் காவலா கண்காணிப்பு மேடையில ஏறி மைக்கைப் பிடிச்சாருன்னா போதும், தேன் ஒழுகும்.

"எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னிக்கு அலை இடுப்பளவு, சில நேரம் தோளளவும் வரும். காத்து கரையிலேர்ந்து கடலைப் பார்த்து அடிக்குது, அதனால காத்தடிச்ச மிதவையெல்லாம் இன்னிக்கு வேண்டாம். ரெண்டு கொடிக்கும் நடுவுல மட்டும் குளிங்க. பத்திரமா இருங்க கண்ணுங்களா."

கண்ணுங்களா! கட்டின பொண்டாட்டியை ஒரு நாளாவது கண்ணுன்னு கூப்பிட்டிருப்பாரா?

நான் வேலை பார்க்கிறது கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில. ஓட்டல் துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் மூட்டை மூட்டையா வரும், உதறினா பாதி மணல். புழுக்கம் தாங்காம ஜன்னலைத் திறந்து வச்சா ஒலிபெருக்கி பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேட்கும். இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு, என் புருஷன் ஊரையே கொஞ்சுறதை நாள் பூரா கேட்கணும்னு என் தலையெழுத்து. முதலாளியம்மா வேற, "வந்துட்டாருடி உன் ஆளு"ன்னு நமட்டுச் சிரிப்பு சிரிப்பாங்க.

அதையாவது பொறுத்துக்கலாம். மஞ்சள் தொப்பியைத்தான் பொறுக்க முடியல.

கடல்ல இறங்குறவங்க பேரெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? உடுப்பு நிறத்தை வச்சுத்தான் கூப்பிடுவாரு. "நீலச் சட்டைத் தம்பி, பாறைப் பக்கம் போகாதீங்க." "கோடு போட்ட சட்டை ஐயா, குழந்தை கையை விடாதீங்க." இவங்கள்லாம் வந்து போறவங்க. மஞ்சள் தொப்பி மட்டும் தினமும் உண்டு. "மஞ்சள் தொப்பியம்மா, மணல் திட்டு நகர்ந்திருக்கு, கொஞ்சம் இடப்பக்கம் வாங்க." "மஞ்சள் தொப்பியம்மா, பின்னாடி அருமையான அலை ஒண்ணு வருது, விட்டுடாதீங்க." அருமையான அலையாம்! என் வயிறு எரிஞ்ச எரிச்சலுக்கு இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்டே தேவைப்படல.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டுட்டேன். "யாருங்க அந்த மஞ்சள் தொப்பி?"

"சர்ஃப் பலகையோட வர்றவங்க."

"என்ன வயசு இருக்கும்?"

"தொப்பிதான் தெரியும்." தட்டைக் கழுவப் போயிட்டாரு.

தினமும் தூரநோக்கியை வச்சுப் பார்க்கிற மனுஷனுக்குத் தொப்பிதான் தெரியுமாம். யார் காதுல பூ சுத்துறாரு?

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அந்த வாய் ஒரே ஒரு தடவை என்கிட்டயும் இனிக்கப் பேசணும். இல்லைன்னா இந்த ஊமையோட குடும்பம் நடத்த இனிமே எனக்குத் தெம்பில்ல, அக்கா வீட்டுக்குக் கிளம்பிட வேண்டியதுதான். பையிலே துணியைக்கூட அடுக்கி வச்சுட்டேன்.

மறுநாள் கடைக்கு லீவு சொன்னேன். அவரு பார்த்தே இல்லாத பச்சைச் சட்டை, முகத்தை மறைக்கிற அகலத் தொப்பி, எல்லாம் புதுசு. கடற்கரை வாசல்ல அன்னன்னிக்கு நிலவரம் எழுதுற பலகை இருக்கு. அலை, காத்து, தண்ணிச் சூடு, "கடல் இழுப்பு உண்டு, கவனம்". எல்லாம் அவரு கையெழுத்து, குண்டு குண்டா, அழகா. எனக்கு ஒரு வரி எழுதினதில்ல இந்த மனுஷன்.

ரோட்டுலேர்ந்து தண்ணி வரைக்கும் அவ்வளவு மணல். நடந்து நடந்து கெண்டைக்கால் கழண்டு போச்சு. அங்கே நிக்குறா மஞ்சள் தொப்பி, தொடையளவு தண்ணியில, பலகையை அணைச்சுக்கிட்டு. பதினெட்டு வயசுக் குட்டியா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். என் வயசுதான். எனக்கு இன்னும் கடுப்பாயிடுச்சு.

நான் கொடியைத் தாண்டி நடந்தேன். அங்கே அலையே இல்லாம தண்ணி அமைதியா கிடந்துது. அந்த மாதிரி இடத்துலதான் இழுப்பு இருக்கும்னு ஒலிபெருக்கி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். முழங்காலளவு தண்ணியில என்ன ஆயிடப்போகுதுன்னு இறங்கினேன்.

"பச்சைச் சட்டையம்மா," ஒலிபெருக்கி குழைஞ்சுது. "அங்கே நீரோட்டம் இழுக்கும்மா. தயவு செஞ்சு கொடிக்கு உள்ளே வந்துடுங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்றேன், உடம்பெல்லாம் சிலிர்த்துது. என்னைத்தான், என்னையேதான்! இன்னும் ஒரு அடி வச்சேன்.

"பச்சைச் சட்டையம்மா, பயப்படாம திரும்பி நடங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

பாருங்க, நல்லாப் பாருங்கன்னு இன்னொரு அடி. காலுக்குக் கீழ மணல் சர்ருனு வழுக்குச்சு. இடுப்பளவு தண்ணி. எங்கிருந்தோ ஒரு அலை வந்து முகத்துல அறைஞ்சு தொப்பியைக் கழட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

என் முகம் வெட்டவெளிச்சம். அப்புறம் கடற்கரையே அதிர்ற மாதிரி ஒரு கத்தல்.

"ஏய், இவளே! வெளியே வா! நீச்சல் தெரியுமாடி உனக்கு? அறிவிருக்கா? ஐயோ, யாராவது அவளைப் பிடிங்க! பிடிங்கன்னு சொல்றேன்ல!"

வணக்கமும் இல்ல, தயவு செஞ்சும் இல்ல. குரல் உடைஞ்சு கிறீச்சுன்னு கேட்டுது. மைக் எங்கேயோ விழுந்து டொம்முனுச்சு.

முதல்ல வந்து சேர்ந்தது மஞ்சள் தொப்பிதான். "பலகையைப் பிடிச்சுக்கோங்க, இழுப்போட மல்லுக்கட்டாதீங்க"ன்னு சொல்லி, பக்கவாட்டுலயே தள்ளிட்டுப் போய் என்னைக் கரையேத்தினாங்க. வாயெல்லாம் உப்பு. ஊரே என்னைப் பார்க்குது. இனிப்பு கேட்கப் போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், மானம் கப்பலேறிடுச்சு.

"உங்க வீட்டுக்காரரா?" அந்தம்மா கேட்டாங்க.

"வேற யாரு இப்படிக் கத்துவாங்க?"

மேடையிலேர்ந்து குதிச்சு, ஒரு கால்ல செருப்பில்லாம, விழுந்தடிச்சு ஓடி வர்ற மனுஷனையே அவங்க பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"வருஷக்கணக்கா இங்கே வர்றேங்க. ஒரு தடவை அந்தப் பாறையில மோதி மண்டை உடைஞ்சு, தண்ணியெல்லாம் ரத்தம். அப்பக்கூட, 'மஞ்சள் தொப்பியம்மா, பதட்டப்படாதீங்க, ஆள் வருது'ன்னாரு. குரல் துளி மாறல." சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. "எனக்குன்னு அப்படிக் கத்த இந்த உலகத்துல ஒருத்தர் இல்ல."

பொறாமைப்படுற முகம் எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

அவரு வந்து நின்னாரு. மூச்சு வாங்குது, அடி கிடி பட்டிருக்கான்னு கையால தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரு. நான் அந்தக் கையைப் பிடிச்சு, மஞ்சள் தொப்பி நல்லாப் பார்க்கட்டும்னே, அத்தனை பேர் முன்னாடியும் இறுக்கி வச்சுக்கிட்டேன்.