அண்ணனின் சிலை விளையாட்டு

"உங்க குடும்பத்துல யாருக்காவது வலிப்பு இருந்திருக்கா?" என்று டாக்டரம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"இல்லவே இல்லைங்க" என்றாள் அவள்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகையும் பிடித்துவிடுவாள். பெற்ற பெண் விஷயத்தில்தான் கோட்டை விட்டுவிட்டாள். ஏழு வயது மகள் தினமும் காலையில் பல் தேய்த்தபடியே உறைந்து நிற்பாள். இந்த அம்மாக்காரியோ கை தட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணி, அசையாமல் நின்றதற்கு முத்தம் வேறு கொடுத்திருக்கிறாள். பிறகுதான் வலிப்பு என்று தெரிந்தது. இரண்டு மாத்திரை மாற்றியும் நின்றபாடில்லை.

"சாப்பிட்டதும் சரியாயிடுதா?"

"ஆமாங்க. வெறும் வயித்துலதான் வருது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேர்றதுல பிறவியிலேயே குறை இருக்கலாம். சில குடும்பத்துல வழிவழியா வரும். அதுவா இருந்தா, கொழுப்பு கூடின தனிச் சாப்பாடுதான் மருந்து. அதான் கேட்டதையே கேக்கறேன்."

"விளையாடுறான்னு நெனச்சேங்க. எங்க அண்ணன் சின்ன வயசுல..."

அந்த நாட்கள் கண்முன் வந்தன.

வாயில் பிரஷ், ஒரு காலில் மட்டும் செருப்பு. அண்ணன் சிலையாக நிற்பான். ஐந்து வயதுக்காரி இவள் எண்ணுவாள். "காலங்காத்தால கூத்தடிக்கிறான்" என்று அப்பா முதுகில் ஒன்று வைப்பார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கண்ணடித்து, "எதுவரைக்கும் எண்ணின?" என்பான். அவ்வளவு சந்தோஷமான காலைகள் அவளுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. அண்ணன் இன்றைக்கும் கண் விழித்ததும் தட்டைத்தான் தேடுவான். சாப்பாட்டு ராமன் என்று வீடே கேலி செய்யும்.

வெளியே வந்து போன் செய்தாள்.

"அண்ணா, அந்தச் சிலை விளையாட்டு... நெசமாவே விளையாட்டா?"

"முதல் தடவை நீ பயந்து அழுதுட்ட. அதான் விளையாட்டுன்னு சொல்லி வச்சேன்."

"நாளைக்கு இங்க வர்றியா? பாப்பாவுக்கும் அதேதான் போலிருக்கு."

"வர்றேன். சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது. "எதுவரைக்கும் எண்ணினேன்னு தினமும் ஏன் கேப்ப?"

"எவ்வளவு நேரம் நான் இல்லாமப் போனேன்னு எனக்கு வேற யாரு சொல்லுவா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இல்லவே இல்லை' என்று சொன்னதை மாற்றிச் சொல்ல உள்ளே போனாள்.